கலாமின் வாழ்க்கையைப் பள்ளிக் கண்காட்சியாக வைப்பது எப்படி

அக்டோபர் 15 நெருங்கினால் தமிழ்நாட்டுப் பள்ளி வாசல்களில் அப்துல் கலாம் படம் போட்ட பிளெக்ஸ் ஏறிவிடும். படத்துக்குக் கீழே ‘கனவு காணுங்கள்’ என்று ஒரு வரி இருக்கும், அதோடு சரி. 2015இல் மாநில அரசு அவருடைய பிறந்த நாளை இளைஞர் எழுச்சி நாளாக அறிவித்தது. ஆனாலும் அந்த பிளெக்ஸைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போகிற பிள்ளையிடம், “அவர் என்ன வேலை பார்த்தார்?” என்று கேட்டால் “ராக்கெட் விட்டார், ஜனாதிபதி ஆனார்” என்பதைத் தாண்டிப் பதில் வராது. ஒரு வகுப்பறை, 12 மாணவர்கள், நான்கு வாரம் கிடைத்தால் இதைவிட நன்றாகச் செய்யலாம். எட்டாம் வகுப்புக்கு மேல் உள்ள மாணவர்களை மனதில் வைத்து எழுதப்பட்ட வழிமுறை இது.

ஒன்றை முதலிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள். கலாமின் பொது வாழ்க்கை ஒரு சுவரிலும் சொந்த வாழ்க்கை எதிர்ச் சுவரிலும் இருக்கக் கூடாது. அப்படி வைத்தால் ஒரு பக்கம் சாதனைப் பட்டியலாகவும் மறுபக்கம் எளிமைக் கதைகளாகவும் பிரிந்து போகும். இரண்டையும் ஒரே தாளில் மேலும் கீழுமாக வையுங்கள். தாளை நடுவில் கோடு போட்டுப் பிரித்து, மேல்பாதியில் அந்த ஆண்டுகளில் நாடு பார்த்ததையும், கீழ்பாதியில் அதே ஆண்டுகளில் வீட்டில் நடந்ததையும் எழுத வேண்டும். 1970களின் தாளில் இதன் பலன் தெரியும். மேலே, செயற்கைக்கோளை ஏவும் எஸ்.எல்.வி-3 ராக்கெட்டின் திட்ட இயக்குநராக அவர் இரவு பகலாக உழைத்த காலம். கீழே, அதே காலத்தில், தன்னைப் படிக்கத் தூண்டிய அக்கா கணவர் ஜலாலுதீனையும் தந்தையையும் தாயையும் அடுத்தடுத்துப் பறிகொடுத்தது. 102 வயது வரை வாழ்ந்த தந்தை 1976இல் மறைந்தார். இரண்டையும் ஒன்றாகப் படிக்கிறவர் அந்த ராக்கெட்டை வேறு கண்ணால் பார்ப்பார்.

தாள், எழுத்து, சுவர்

12 தாள்கள் போதும். 22 க்கு 28 அங்குல சார்ட் பேப்பரை நெட்டுவாக்கில் வையுங்கள். தலைப்பு எழுத்து 4 சென்டிமீட்டர், உள்ளே வரும் எழுத்து ஒன்றரை சென்டிமீட்டர் உயரம் இருந்தால் இரண்டு மீட்டர் தள்ளி நிற்பவரும் படிக்கலாம். அந்த அளவில் எழுதினால் ஒரு தாளில் 60 சொற்களுக்கு மேல் பிடிக்காது. மாணவர்கள் 200 சொல் எழுதிக்கொண்டு வருவார்கள். எழுத்தைச் சின்னதாக்கச் சொல்லாதீர்கள், சொற்களைக் குறைக்கச் சொல்லுங்கள். எது முக்கியம் என்று அவர்கள் யோசிப்பது அந்த இடத்தில்தான்.

பிளெக்ஸில் அச்சடிக்காதீர்கள். ஒரு தேதி தப்பாகப் போனால் பிளெக்ஸில் திருத்த முடியாது, அந்தத் தப்பு அடுத்த ஐந்து வருடம் பள்ளிச் சுவரில் தொங்கும். சார்ட்டில் ஒரு துண்டுத் தாள் ஒட்டித் திருத்திவிடலாம்.

அக்டோபர் நடுவில் பல ஊர்களில் மழை தொடங்கியிருக்கும். சுண்ணாம்பு அடித்த ஈரச் சுவரில் இரட்டைப் பக்க டேப் ஒரு ராத்திரி கூடத் தாங்காது, காலையில் வந்து பார்த்தால் எல்லாத் தாளும் தரையில் கிடக்கும். ஜன்னல் கம்பிக்கு ஜன்னல் கம்பி நைலான் கயிறு கட்டி, துணி கிளிப்பில் மாட்டுங்கள். சார்ட்டின் மேல் ஓரத்திலும் கீழ் ஓரத்திலும் விளக்குமாற்றுக் குச்சி ஒன்றை ஒட்டினால் சுருண்டுகொள்ளாது. தாளின் நடுப்பகுதி தரையிலிருந்து 130 சென்டிமீட்டரில் வரட்டும், பெரியவர்கள் கொஞ்சம் குனிந்து படித்தால் ஒன்றும் ஆகாது.

எதை நம்பி எழுதுவது

நேரம் அதிகம் பிடிக்கிற வேலை இது. நான்கு வாரத்தில் இரண்டு வாரம் இதற்கே போக வேண்டும்.

பெரும்பாலான பள்ளிகள் ‘அக்னிச் சிறகுகள்’ ஒன்றை வைத்துக்கொண்டு வேலையை முடித்துவிடும். நல்ல நூல்தான், கலாம் அருண் திவாரியோடு சேர்ந்து எழுதி 1999இல் வந்தது. ஆனால் அவர் ஜனாதிபதி ஆவதற்கு முன்பே அது முடிந்துவிடுகிறது. ராஷ்டிரபதி பவன் ஆண்டுகளைப் பற்றிக் கலாம் பின்னாளில் தனியாக எழுதியிருக்கிறார், அவருடைய செயலாளராக இருந்த பி.எம். நாயரும் எழுதியிருக்கிறார். விண்வெளித் தேதிகளை இஸ்ரோவின் பதிவிலும், சட்டம் சம்பந்தப்பட்டதை அரசமைப்புச் சட்டத்திலும் உச்ச நீதிமன்றத் தீர்ப்பிலும் பார்க்க வேண்டும். ஒவ்வொரு தாளின் பின்பக்கத்திலும் பென்சிலில் ‘இந்தத் தகவல் எங்கே, எந்தப் பக்கம்’ என்று மாணவர் எழுதி வைக்கட்டும். பின்பக்கம் காலியாக இருக்கும் தாள் கயிற்றில் ஏறக் கூடாது.

வாட்சாப்பில் வந்ததை எடுக்காதீர்கள். இரண்டு விஷயங்கள் ஒவ்வோர் ஆண்டும் தவறாமல் உள்ளே நுழைகின்றன. ஒன்று, ஐக்கிய நாடுகள் சபை அக்டோபர் 15ஐ உலக மாணவர் நாளாக அறிவித்தது என்பது. ஐ.நா. கடைப்பிடிக்கும் நாட்களின் பட்டியலில் அப்படி ஒரு நாள் இல்லை. இன்னொன்று, அவர் விட்டுச்சென்ற சட்டை இத்தனை, கால்சட்டை இத்தனை என்று எண்ணிக்கையோடு சுற்றும் சொத்துப் பட்டியல். அவர் எளிமையாக வாழ்ந்தார் என்பதை நிறுவ மூலமில்லாத பட்டியல் தேவையில்லை, நேரில் இருந்து பார்த்தவர்கள் எழுதியதே இருக்கிறது.

மேற்கோள்களுக்கும் அதே விதிதான். எந்த ஊர், எந்தக் கூட்டம், எந்த நூல் என்று சொல்ல முடியாத வரியைச் சுவரில் ஏற்றாதீர்கள். அவர் பெயரில் உலவும் பொன்மொழிகளில் பாதி இந்த இடத்திலேயே கழிந்துவிடும். கழியட்டும், மீதி இருப்பது அவர் சொன்னதாக இருக்கும்.

பெயரையும் ஒரே மாதிரி எழுதுங்கள். ஆவுல் பக்கிர் ஜைனுலாப்தீன் அப்துல் கலாம். முதல் மூன்றும் முன்னோர் பெயர்கள், அவற்றில் ஜைனுலாப்தீன் தந்தையின் பெயர். பன்னிரண்டு தாளில் பன்னிரண்டு விதமாக எழுதப்படும், தலைப்பு எழுதும் பொறுப்பை ஒரே மாணவரிடம் கொடுத்தால் இது தீரும். ‘டாக்டர்’ என்று போடுவதில் தவறில்லை, ஆனால் அவை பல்கலைக்கழகங்கள் கொடுத்த கௌரவப் பட்டங்கள். ‘ஆராய்ச்சி செய்து பிஎச்.டி. வாங்கினார்’ என்று யாராவது எழுதியிருந்தால் அடித்துவிடுங்கள்.

ராமேஸ்வரம்

முதல் இரண்டு தாள்களும் இங்கேதான். 1931 அக்டோபர் 15, ராமேஸ்வரம். தந்தை ஜைனுலாப்தீன், தாய் ஆஷியம்மா. ‘குடிசையில் பிறந்தார்’ என்று எழுதும் பழக்கம் இருக்கிறது. மசூதித் தெருவில் இருந்த தங்கள் வீடு சுண்ணாம்பும் செங்கல்லும் வைத்துக் கட்டிய, ஓரளவு பெரிய வீடு என்று கலாமே எழுதியிருக்கிறார். ஆடம்பரம் கிடையாது, சாப்பாட்டுக்கும் துணிக்கும் குறைவில்லை. பணத்தட்டுப்பாடு பின்னால் படிப்புச் செலவில் வந்தது. வறுமையைக் கூட்டிச் சொன்னால் சாதனை பெரிதாகத் தெரியும் என்று நினைக்கிறார்கள், உள்ளதைச் சொன்னாலே போதும்.

படகு விஷயத்திலும் ஒரு குழப்பம் உண்டு. ராமேஸ்வரத்திலிருந்து தனுஷ்கோடிக்கு யாத்திரிகர்களை ஏற்றிச் செல்ல அவருடைய தந்தை ஒரு மரப்படகு கட்டினார். அப்போது கலாமுக்கு ஆறு வயது. அந்தப் படகைப் பின்னால் ஒரு புயல் கொண்டுபோனது. தனுஷ்கோடியையே அழித்த 1964 டிசம்பர் புயல் வேறு, அப்போது கலாமுக்கு 33 வயது, கேரளத்தில் தும்பா ராக்கெட் ஏவுதளத்தில் வேலையில் இருந்தார். இரண்டையும் ஒன்றாக்கி எழுதிய தாள்கள் நிறைய உண்டு.

கையால் தொட்டுப் பார்க்கும் பொருள் ஒன்றை இந்த இடத்தில் வையுங்கள். ஒரு தட்டு நிறையப் புளியங்கொட்டை, பக்கத்தில் சணல் கயிற்றால் இறுகக் கட்டிய பழைய செய்தித்தாள் கட்டு ஒன்று. 1939இல் போர் தொடங்கியபோது புளியங்கொட்டைக்குத் திடீரென்று கிராக்கி வந்தது. எட்டு வயதுச் சிறுவன் பொறுக்கிக்கொண்டு போய் மசூதித் தெரு மளிகைக் கடையில் போட்டால் ஒரு நாளைக்கு ஓரணா கிடைத்தது. செய்தித்தாள் கட்டும் போரோடு சேர்ந்த கதைதான். ராமேஸ்வரத்தில் ரயில் நிற்பது ரத்தானதால் பத்திரிகைக் கட்டுகளை ஓடும் ரயிலிலிருந்து வீசினார்கள். ஏஜென்டாக இருந்த உறவினர் சம்சுதீனுக்குக் கட்டுகளைப் பிடித்துக் கொடுக்க ஆள் தேவைப்பட்டது. ‘வீடு வீடாகப் பேப்பர் போட்டார்’ என்று மட்டும் எழுதினால் இந்த ரயிலும் போரும் காணாமல் போய்விடும். கட்டை ஒவ்வொரு மாணவரும் தூக்கிப் பார்க்கட்டும், ஐந்து கிலோவாவது இருக்க வேண்டும்.

அறையில் இரண்டு பெஞ்சுகளை முன்னும் பின்னுமாகப் போடுங்கள். ராமேஸ்வரம் தொடக்கப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு படிக்கும்போது, தொப்பி போட்ட கலாம் பூணூல் போட்ட ராமநாத சாஸ்திரியின் பக்கத்தில் முதல் வரிசையில் உட்கார்வது வழக்கம். புதிதாக வந்த ஆசிரியர் கலாமைப் பின் வரிசைக்கு அனுப்பினார். ராமநாதனின் தந்தை, கோயில் தலைமைக் குருக்கள் லட்சுமண சாஸ்திரி, அந்த ஆசிரியரை வரவழைத்து, பிஞ்சு மனங்களில் விஷத்தை விதைக்கக் கூடாது என்று கண்டித்தார். முன் பெஞ்சில் இந்தச் செய்தி எழுதிய அட்டையை வையுங்கள், பின் பெஞ்சை வெறுமனே விடுங்கள். மத நல்லிணக்கம் என்று ஒரே சொல்லில் முடித்துவிடாமல், பிரித்து உட்கார வைத்ததும் நடந்தது, அதைத் தட்டிக் கேட்டதும் நடந்தது என்று இரண்டையும் காட்ட வேண்டும்.

படிப்புத் தாளில் வரிசை இது: ராமநாதபுரம் ஸ்வார்ட்ஸ் உயர்நிலைப் பள்ளி, திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் இயற்பியல், 1954இல் பட்டம், அதன்பின் குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் விமானப் பொறியியல். எம்.ஐ.டி. என்றதும் அமெரிக்கக் கல்வி நிறுவனத்தின் படத்தை இணையத்தில் எடுத்து ஒட்டிவிடுவார்கள், கவனம். கீழ்பாதியில் ஒரே செய்தி: சேர்க்கைக் கட்டணம் சுமார் ஆயிரம் ரூபாய், அக்கா சோகரா தன் தங்க வளையல்களையும் சங்கிலியையும் அடகு வைத்துக் கொடுத்தார். வேறெதுவும் வேண்டாம்.

விமானப்படைத் தேர்வை ஒரு தனிச் சீட்டில் எழுதுங்கள். டேராடூனில் 25 பேரில் எட்டுப் பேரை எடுத்தார்கள், கலாம் ஒன்பதாவது. அறைக்கு வரும் பத்தாம் வகுப்பு மாணவர்கள் நின்று படிக்கப்போகும் சீட்டு இதுவாக இருக்கலாம்.

எஸ்.எல்.வி-3 மாதிரி

அறையின் நடுவில் ராக்கெட் நிற்க வேண்டும். 22 மீட்டர் ராக்கெட்டைப் பத்தில் ஒரு பங்காக்கினால் 2.2 மீட்டர். இந்த அளவில் பிளம்பிங் கடைப் பைப்புகளே பொருந்திவிடுகின்றன. முதல் அடுக்கின் விட்டம் ஒரு மீட்டர், மாதிரியில் 10 சென்டிமீட்டர். நான்கு அங்குல பி.வி.சி. பைப் என்று கடையில் கேட்டால் கிடைப்பது 110 மில்லிமீட்டர், போதும். இரண்டாம் அடுக்கு 80 சென்டிமீட்டர் விட்டம், அதற்கு 75 மில்லிமீட்டர் பைப். இரண்டையும் இணைக்க 110க்கு 75 ரெடியூசர் ஒன்று. முதல் பைப்பை 100 சென்டிமீட்டருக்கும் இரண்டாவதை 64 சென்டிமீட்டருக்கும் அறுத்துக்கொள்ளுங்கள். மீதி 56 சென்டிமீட்டரில் மேலடுக்குகளும் கூம்பும் வரும், அதைச் சார்ட் பேப்பரைச் சுருட்டியும் தெர்மாகோலைச் செதுக்கியும் செய்யலாம். முழு நீளப் பைப் வாங்க வேண்டியதில்லை, கட்டட வேலை நடக்கும் இடத்தில் துண்டுப் பைப் கேட்டாலே கிடைக்கும்.

60 சென்டிமீட்டர் சதுர பிளைவுட்டின் நடுவில் 110 என்ட் கேப்பைத் திருகாணி போட்டு இறுக்குங்கள், பைப்பை அதற்குள் அழுத்தி நிறுத்துங்கள். அப்படியே விட்டால் ஒரு பிள்ளையின் புத்தகப்பை பட்டாலே சாய்ந்துவிடும். பைப்புக்குள் ஐந்து கிலோ மணலைக் கொட்டிவிட்டுத்தான் ரெடியூசரை மாட்ட வேண்டும். அடியில் நான்கு துடுப்புகளைத் தடித்த அட்டையில் வெட்டி ஒட்டுங்கள். பி.வி.சி.யின் வழவழப்பில் பெயின்ட் பிடிக்காது, அடித்த மறுநாளே தோல் மாதிரி உரியும். 120 நம்பர் உப்புத்தாளால் நன்றாகத் தேய்த்து, பிரைமர் அடித்து, ஒரு நாள் காயவிட்டு வண்ணம் பூசுங்கள். எந்த வண்ணம் எங்கே என்பதை இஸ்ரோவின் புகைப்படத்தைப் பார்த்து முடிவு செய்யுங்கள். முக்கியமான ஒன்று: வகுப்பறைக் கதவு ஏழடிதான் இருக்கும், நிறுத்திய ராக்கெட் அதற்குள் நுழையாது. பாகங்களை உள்ளே கொண்டுபோய் மாட்டுங்கள், மேலே மின்விசிறி இல்லாத இடமாகப் பார்த்து வையுங்கள்.

ராக்கெட்டின் அடியில் 16, 17 சென்டிமீட்டர் பொம்மை ஒன்றை நிறுத்தினால் அது ஒரு மனிதரின் உயரம். பக்கத்தில் ஓர் அட்டையில் எடைக் கணக்கு: புறப்படும்போது 17 டன், சுற்றுப்பாதையில் கொண்டுபோய் வைத்தது 35 கிலோ ரோகிணி செயற்கைக்கோள். எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒருவரின் எடை. அதைத் தூக்க அதைப் போல 485 மடங்கு எடை கிளம்ப வேண்டியிருந்தது.

ராக்கெட்டுக்கு இரண்டு பக்கமும் இரண்டு தாள். இடப்பக்கம் 1979 ஆகஸ்ட் 10, வலப்பக்கம் 1980 ஜூலை 18. பெரும்பாலான கண்காட்சிகளில் 1980 மட்டும்தான் இருக்கும். 1979ஐச் சரியாக விளக்குங்கள்: முதல் அடுக்கு நன்றாக எரிந்தது. இரண்டாம் அடுக்கின் கட்டுப்பாட்டு அமைப்பில் ஒரு வால்வு மூடாமல் சிக்கிக்கொண்டு நைட்ரிக் அமிலம் கசிந்துபோனது. திசை திருப்பும் விசை கிடைக்காமல் ராக்கெட் தடுமாறி 317 வினாடியில் வங்காள விரிகுடாவில் விழுந்தது. பத்திரிகையாளர்கள் முன்னால் நின்று பொறுப்பை ஏற்றுக்கொண்டவர் இஸ்ரோ தலைவர் சதீஷ் தவான். அடுத்த ஆண்டு வெற்றி வந்தபோது பேட்டி கொடுக்கும்படி கலாமை அனுப்பினார். இதைக் கலாம் வாழ்நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டே இருந்தார். இந்தத் தாளில் தவானின் படம் கலாமின் படத்தின் அளவிலேயே இருக்கட்டும்.

1980இல் போனது ஆரியபட்டா என்று எழுதிவிடுவார்கள். ஆரியபட்டா 1975இல் சோவியத் ராக்கெட்டில் போனது.

தும்பாவுக்கு ஒரு சின்னத் தாள் போதும்: காந்த நடுக்கோட்டுக்கு அருகில் இருந்ததால் தேர்ந்தெடுக்கப்பட்ட மீனவக் கிராமம், ஆராய்ச்சிக்காக விட்டுக்கொடுக்கப்பட்ட மேரி மகதலேனா தேவாலயம், 1963 நவம்பர் 21இல் கிளம்பிய முதல் ராக்கெட்.

ஏவுகணைகளும் 300 கிராமும்

1983இல் தொடங்கிய ஏவுகணைத் திட்டத்தில் ஐந்து பெயர்கள்: பிருத்வி, திரிசூல், ஆகாஷ், நாக், அக்னி. பிருத்வி முதலில் பறந்தது 1988 பிப்ரவரி 25, அக்னி 1989 மே 22. முதல் அக்னியின் அடி அடுக்கு எஸ்.எல்.வி-3இன் முதல் அடுக்கிலிருந்து வந்தது. மாதிரி ராக்கெட்டின் 110 பைப்பைச் சுட்டிக்காட்டி, “இதே மோட்டார்தான்” என்று விளக்கும் மாணவர் சொல்லலாம். செயற்கைக்கோள் ராக்கெட்டும் ஏவுகணையும் எவ்வளவு நெருக்கம் என்பது அங்கேயே விளங்கிவிடும். 1998 மே மாதப் பொக்ரான் சோதனையில் ‘அணுகுண்டு செய்தவர்’ என்று எழுத வேண்டாம். அணுசக்தித் துறைக்கு அப்போது ஆர். சிதம்பரம் தலைவர், கலாம் பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனத்தின் தலைவர். இரண்டு துறைகளும் சேர்ந்து செய்த வேலை அது.

இந்தத் தாளின் கீழே ஒரு பெஞ்ச், அதன்மேல் இரண்டு துணிப்பைகள். ஒன்றில் மூன்று கிலோ அரிசி, இன்னொன்றில் 300 கிராம். இரண்டிலும் நாடா தைத்து, முழங்காலுக்குக் கீழே கட்டும்படி செய்யுங்கள். போலியோவால் கால் பாதிக்கப்பட்ட பிள்ளைகள் ஹைதராபாத் மருத்துவமனையில் காலைத் தாங்கிப் பிடிக்கும் மூன்று கிலோ உலோகக் கலிப்பரை மாட்டிக்கொண்டு இழுத்து இழுத்து நடந்தார்கள். ஏவுகணைக்காகச் செய்த இலகுவான கூட்டுப்பொருளை வைத்து 300 கிராமில் கலிப்பர் செய்து கொடுத்தது கலாமின் குழு. மூன்று கிலோவைக் காலில் கட்டிக்கொண்டு அறையை ஒரு சுற்று வரச் சொல்லுங்கள், பிறகு பையை மாற்றுங்கள். இதற்கு விளக்கம் எழுத வேண்டியதே இல்லை.

ஜனாதிபதி மாளிகை: மடிப்புத் தாள்

ராஷ்டிரபதி பவன் ஆண்டுகளை எல்லோரும் சுகோய் போர் விமானப் படத்தோடு முடித்துவிடுகிறார்கள். 2006 ஜூன் 8இல் புனேயில் சுகோயில் பறந்தார், அதற்கு முன் பிப்ரவரியில் விசாகப்பட்டினத்தில் நீர்மூழ்கிக் கப்பலில் போனார், 2004இல் சியாச்சினுக்குப் போனார். எல்லாம் உண்மை, ஒரே தாளில் மூன்று படங்களாக முடிந்துவிடும். ஒரு ஜனாதிபதியின் வேலை கையெழுத்துப் போடுவதிலும் போடாமல் இருப்பதிலும் இருக்கிறது. அதைக் காட்டத் தயங்காதீர்கள்.

தேர்தலை முதலில் தெளிவாக்குங்கள். மக்கள் நேரடியாக வாக்களிக்கவில்லை, எம்.பி.க்களும் எம்.எல்.ஏ.க்களும் வாக்களித்தார்கள். 2002இல் அவரை எதிர்த்து நின்றவர் இந்திய தேசிய ராணுவத்தின் கேப்டன் லட்சுமி சாகல். 2002 ஜூலை 25 முதல் 2007 ஜூலை 25 வரை பதவி.

பிறகு மூன்று மடிப்பு அட்டைகள். ஏ4 அட்டையை நடுவில் மடித்து, மேல்பக்கத்தில் கேள்வியை எழுதுங்கள், உள்ளே நடந்ததை எழுதுங்கள். மடிப்பில் செல்லோடேப் இரண்டு பக்கமும் ஒட்டாவிட்டால் ஐம்பது பேர் திறப்பதற்குள் கிழிந்துவிடும். பார்ப்பவர் ‘நான் என்றால்’ என்று மனதுக்குள் ஒரு முடிவெடுத்த பிறகுதான் திறக்க வேண்டும், அதை ஒரு மாணவர் பக்கத்தில் நின்று கவனிக்கட்டும்.

முதல் அட்டை. அரசின் கீழ் ஆதாயம் தரும் வேறு பதவியும் வகிக்கும் எம்.பி.க்களைத் தகுதியிழப்பிலிருந்து காக்கும் மசோதாவை நாடாளுமன்றம் நிறைவேற்றி அனுப்புகிறது. உங்களுக்கு உடன்பாடில்லை. என்ன செய்வீர்கள்? உள்ளே: 2006 மே இறுதியில் கலாம் அதை மறுபரிசீலனைக்குத் திருப்பி அனுப்பினார். அரசமைப்புச் சட்டப் பிரிவு 111 அதற்கு இடம் கொடுக்கிறது. நாடாளுமன்றம் மீண்டும் நிறைவேற்றி அனுப்பினால் மறுக்க முடியாது, ஆகஸ்டில் கையெழுத்திட்டார்.

இரண்டாவது அட்டை. நீங்கள் மாஸ்கோவில் இருக்கிறீர்கள். பீகார் சட்டமன்றத்தைக் கலைக்கச் சொல்லி அமைச்சரவையின் பரிந்துரை நள்ளிரவில் வருகிறது. உள்ளே: 2005 மே மாதம் கலாம் கையெழுத்திட்டார். அந்தக் கலைப்பு அரசமைப்புக்கு முரணானது என்று உச்ச நீதிமன்றம் அதே ஆண்டு அக்டோபரில் சொன்னது. பதவி விலக எண்ணியதாகவும் பிரதமர் மன்மோகன் சிங் தடுத்ததாகவும் கலாம் பின்னாளில் எழுதினார்.

மூன்றாவது அட்டை கருணை மனு பற்றியது, ஒன்பதாம் வகுப்புக்குக் கீழே வேண்டாம். பிரிவு 72இன்படி மரண தண்டனைக் கைதியின் மனு உங்கள் மேசையில் இருக்கிறது. உள்ளே: கொல்கத்தா வழக்கு ஒன்றில் மனுவை நிராகரித்தார், 2004 ஆகஸ்டில் தண்டனை நிறைவேறியது. வந்த மனுக்களில் பெரும்பாலானவற்றின்மேல் முடிவு எடுக்கப்படாமலே அவருடைய பதவிக்காலம் முடிந்தது, அதற்காக விமர்சிக்கப்பட்டார்.

இவற்றை வைத்தால் கலாமைக் குறை சொல்வதாகும் என்று சில ஆசிரியர்கள் தயங்குவார்கள். ஆகாது. பிழை நேர்ந்த முடிவைப் பற்றியும் தானே எழுதிய மனிதரை, பிழையே செய்யாதவர் போலக் காட்டுவதுதான் அவருக்குச் செய்யும் குறை. அதேபோல 2011 நவம்பரில் கூடங்குளம் அணுமின் நிலையத்தைப் பார்த்துவிட்டு அது பாதுகாப்பானது என்று சொன்னதையும், போராடிய கடலோர மக்கள் அதை ஏற்கவில்லை என்பதையும் ஒரு சீட்டில் சேர்க்கலாம்.

இந்தத் தாளின் கீழ்பாதிக்கு ஒரே நிகழ்ச்சி எடுத்துக்கொள்ளுங்கள். 2006 மே மாதம் ஐம்பதுக்கு மேற்பட்ட உறவினர்கள் ராமேஸ்வரத்திலிருந்து டெல்லிக்கு வந்து ராஷ்டிரபதி பவனில் தங்கினார்கள். அவர்கள் தங்கியதற்கும் சாப்பிட்டதற்கும் கணக்குப் போடச் சொல்லி, மூன்றரை லட்சம் ரூபாய்க்கு மேல் தன் கையிலிருந்து கட்டினார். இதைப் பதிவு செய்தவர் பி.எம். நாயர். மாணவர்கள் ஆர்வத்தில் ஒரு ‘பில்’ தயாரித்து ஒட்டுவார்கள், தேநீர் இத்தனை, சாப்பாடு இத்தனை என்று. விடாதீர்கள். அந்தக் கணக்கின் உள்விவரம் நம்மிடம் இல்லை, கற்பனை பில் அடுத்த ஆண்டு வாட்சாப்பில் உண்மை பில்லாகச் சுற்றும்.

திருமணம் செய்துகொள்ளவில்லை, சைவ உணவு, வீணை, திருக்குறள் ஆகியவை நான்கு வரியில் வரட்டும். ஏன் திருமணம் செய்துகொள்ளவில்லை என்பதற்குக் காரணம் கற்பிக்காதீர்கள். குடும்பத்தினரின் படங்களையும் தொடர்பு விவரங்களையும் இணையத்திலிருந்து எடுத்து ஒட்டவும் கூடாது. மசூதித் தெரு வீட்டின் மாடியில் அவரைப் பற்றிய காட்சிக்கூடம் இருக்கிறது. நேரில் போனால் படமெடுக்கும் முன் அனுமதி கேளுங்கள், கீழே ஒரு குடும்பத்தின் வீடு.

கடைசித் தாள்

2015 ஜூலை 27, ஷில்லாங் ஐ.ஐ.எம்.மில் ‘வாழத்தகுந்த பூமிக்கோளை உருவாக்குதல்’ என்ற பொருளில் மாணவர்களிடம் பேசத் தொடங்கிய சில நிமிடங்களில் சரிந்து விழுந்தார், மருத்துவமனையில் உயிர் பிரிந்தது. வயது 83. ஜூலை 30 ராமேஸ்வரம் பேய்க்கரும்பில் அடக்கம். நினைவிடம் திறக்கப்பட்டது 2017 ஜூலை 27. மறைந்த நாளும் அடக்கம் செய்த நாளும் அடிக்கடி இடம் மாறும், சரிபாருங்கள். ‘கடைசி வார்த்தைகள்’ என்று எதையும் சோடித்து எழுத வேண்டாம். உரையின் தலைப்பே போதும்.

நடத்தும் நாள்

ஒரு வகுப்பை மொத்தமாக உள்ளே விட்டால் ராக்கெட்டைச் சுற்றி நெரிசல்தான். பத்துப் பத்துப் பேராக, இடமிருந்து வலமாக, ஒரு குழுவுக்கு 15 நிமிடம். அரிசிப் பையிலும் மடிப்பு அட்டையிலும் கூட்டம் தேங்கும், அந்த இரண்டையும் எதிரெதிர் மூலைகளில் வையுங்கள். விளக்கும் மாணவர்கள் தாளில் இருப்பதை ஒப்பிக்கக் கூடாது. பின்பக்கத்தில் பென்சிலில் எழுதியதை, அதாவது ‘இது எங்களுக்கு எப்படித் தெரியும்’ என்பதைச் சொல்லப் பழக்குங்கள்.

வெளியேறும் வாசலில் 80 பக்க நோட்டு ஒன்றும் பேனாவும் வையுங்கள், அட்டையில் ‘திருத்தம்’ என்று எழுதுங்கள். கருத்துப் புத்தகம் வேண்டாம், அதில் ‘அருமை’ என்று மட்டும்தான் எழுதுவார்கள். யாராவது ஒரு தேதி தப்பு என்று எழுதினால் அந்தத் தாளைச் செய்த மாணவரே அன்று மாலை மூலத்தைப் பார்த்து, தப்பென்றால் துண்டுத் தாள் ஒட்டித் திருத்தி, நோட்டில் தேதி போட்டுக் கையெழுத்திடட்டும். கண்காட்சி முடிந்ததும் தாள்களைச் சுருட்டி அந்தப் பி.வி.சி. பைப்புக்குள்ளேயே போட்டு மூடி வைக்கலாம், கரையான் அண்டாது. மணலை மட்டும் முதலில் கொட்டிவிடுங்கள்.